விருந்து வழங்கி: சொல்லைப் பிழையாக விளங்கிக்கொள்வதால் வரும் தவறுகள்

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு, ஒட்டுண்ணி பற்றிய விடைகளில் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் புள்ளிகள் பறிபோவதைக் காண்பது வருத்தமாக இருக்கிறது. பாடத்தை நன்றாகப் படித்த பிள்ளைகளே, சொல்லை அன்றாடப் பொருளில் எடுத்துக்கொண்டு தவறுகிறார்கள்.

ஒட்டுண்ணிக்கு இடங்கொடுக்கும் உயிரை நாம் "விருந்து வழங்கி" என்கிறோம். தமிழகத்தில் "ஓம்புயிர்" என்பார்கள். விருந்து என்றதும் நமக்கு இலை போட்டுப் பரிமாறும் சோறுதான் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அச்சொல் புதுமையையும், புதிதாக வீடு தேடி வந்தவரையும் குறித்தது. ஆங்கிலத்தின் "ஹோஸ்ட்" என்ற சொல்லுக்கு மூலமான இலத்தீனின் "ஹொஸ்பெஸ்", விருந்தினர், விருந்தளிப்பவர் ஆகிய இருவருக்குமே பொதுவானது. "பராசைட்" என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லோ பிறர் பந்தியில் பக்கத்தில் அமர்ந்து உண்பவரைச் சுட்டியது; நம் "ஒட்டுண்ணி" அதற்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும். எனவே விருந்து வழங்கி மனமுவந்து உணவளிக்கிறது என்றோ, உணவை மட்டுமே அளிக்கிறது என்றோ எழுதக்கூடாது. உறைவிடமும், பலவேளை இனம்பெருகும் இடமும் அதுவே.

பெரிய தவறு "இறுதி விருந்து வழங்கி" என்ற தொடரில் நேர்கிறது. ஒட்டுண்ணி எந்த உயிரினுள் முதிர்ச்சியடைந்து இலிங்கமுறையில், அதாவது ஆண், பெண் கலங்கள் இணைந்து, இனம்பெருக்குகிறதோ, அதுவே இறுதி விருந்து வழங்கி. இளம்பருவம் வளரும், அல்லது அவ்விணைவு இல்லாமலே ஒட்டுண்ணி பெருகும் உயிர் இடை விருந்து வழங்கி. மலேரியாவுக்கு இறுதி விருந்து வழங்கி எது என்று கேட்டால், காய்ச்சலில் கிடப்பவன் மனிதன் என்பதால் பெரும்பாலோர் மனிதன் என்றே எழுதுகிறார்கள். நம் ஈரலிலும் செங்குழியங்களிலும் அந்த ஒட்டுண்ணி பிளந்து பிளந்து பெருகினாலும், அதன் ஆண், பெண் புணரிகள் (இனப்பெருக்கக் கலங்கள்) ஒன்றுசேர்வது அனோபிலிஸ் என்ற வகை நுளம்பின் வயிற்றில்தான். அவ்வயிற்றின் சுவரில் வளரும் பருவத்தை பிரித்தானிய மருத்துவர் ரொனால்ட் ரோஸ் 1897இல் இந்தியாவின் செக்கந்தராபாத்தில் கண்டார். ஆகவே நுளம்பே இறுதி, நாம் இடை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதால், இன்றைய பிள்ளைகளுக்கு இது படத்தில் மட்டும் பார்த்த வாழ்க்கை வட்டமாகிவிட்டது. அதனால் இன்னும் கவனமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

நோய்க்காவி என்பதும் இடை விருந்து வழங்கி என்பதும் ஒன்றென்று கொள்வதும் பிழை. நோயை நம்மிடம் எது காவி வருகிறது என்பது நம் பக்கத்துக் கேள்வி; இறுதியா இடையா என்பது ஒட்டுண்ணியின் பக்கத்துக் கேள்வி. மலேரியாவில் காவியான நுளம்பு இறுதி விருந்து வழங்கி; யானைக்கால் நோயில் அதே காவி இடை விருந்து வழங்கி.

"இறுதி" என்பதைப் "பயணம் முடியும் இடம்" என்று கொள்வோருக்கு நம் கடலே விடை சொல்லும். பெரிய மீனை வெட்டும்போது, குடலின் மேல் கடிகாரச் சுருள்வில்லைப் போலச் சுருண்ட வெண்ணிறப் புழுவைச் சிலவேளை காணலாம். அது அனிசாக்கிஸ் புழுவின் இளம்பருவமாக இருக்கக்கூடும். கூனி போன்ற சிற்றுயிர்களை உண்ட சிறிய மீனையும், அதை உண்ட பெரிய மீனையும் அப்புழு தொற்றிக்கொண்டே போகும். மீனுக்குள் முதிர்வதில்லை, சுருண்டு காத்திருக்கும். முதிர்ந்து முட்டையிடுவது திமிங்கிலம், டொல்பின் போன்றவற்றின் இரைப்பையில்தான். நம் கரைக்கு அப்பால் வரும் பெருந்தலைத் திமிங்கிலங்களும் அவற்றுள் அடங்கும். மீனைப் பச்சையாக உண்டால் புழு மனிதருள்ளும் புகுந்து வயிற்றுவலி தரும். நன்கு கொதித்த குழம்பில் பிழைக்காது. மனிதருள் அது வயதுக்கு வராமலே இறந்துபோகும். பயணம் அங்கே முடிந்தாலும், மனிதர் அதற்கு இறுதி விருந்து வழங்கி ஆவதில்லை.