வரிசையில் நிற்பவர் எதிரி இல்லை: எரித்திரிய இளைஞர் அரசியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஜூலையில் ஜெர்மனியின் கீசன் நகரம், ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம், செப்டம்பரில் டெல் அவிவ், அதே மாதம் ஸ்டுட்கார்ட், 2024 பிப்ரவரியில் தி ஹேக். எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே கதைதான். கிழக்கு ஆப்பிரிக்க நாடான எரித்திரியாவின் அரசை ஆதரிப்பவர்கள் ஒரு விழாவோ கூட்டமோ நடத்துகிறார்கள், எதிர்ப்பாளர்கள் நீலக் கொடியோடு வருகிறார்கள், கல் பறக்கிறது, போலீஸ் வருகிறது. செய்தியைப் படிக்கிறவர் "தஞ்சம் கொடுத்த நாட்டில் இது தேவையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

அவர்கள் ஏன் அங்கே வந்து நின்றார்கள் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1993இல் வாக்கெடுப்பு நடத்தி எத்தியோப்பியாவிடமிருந்து விடுதலை பெற்ற நாடு எரித்திரியா. அன்றிலிருந்து இன்றுவரை இசையாஸ் அஃப்வெர்கிதான் அதிபர். 1997இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பு நடைமுறைக்கே வரவில்லை, தேசியத் தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை. ராணுவப் பணியும் சேர்ந்த கட்டாய தேசிய சேவை 18 மாதம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் எத்தியோப்பியாவுடன் 1998இல் தொடங்கிய எல்லைப் போருக்குப் பிறகு அதற்கு முடிவு என்பதே இல்லாமல் போனது. 2001 செப்டம்பரில் கேள்வி கேட்ட மூத்த தலைவர்களையும் பத்திரிகையாளர்களையும் பிடித்து உள்ளே போட்டார்கள், இன்னும் விசாரணை இல்லை. உள்ளே பேச இடமில்லாததால் அந்த நாட்டின் அரசியல் பெருமளவு வெளியே, புலம்பெயர்ந்த இளைஞர்கள் கையில் நடக்கிறது. நான் வெளியாள்தான். ஆனால் இவ்வளவு நாள் கவனித்ததில், அந்த இளைஞர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகள் கண்ணில் பட்டபடியே இருக்கின்றன.

முதல் தவறு, தூதரக வரிசையில் நிற்கிறவரைத் துரோகி என்பது. மற்ற எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான் என்பது என் கணிப்பு. வெளிநாட்டில் வாழும் எரித்திரியர்கள் தங்கள் வருமானத்தில் 2 சதவீதத்தை அரசுக்கு வரியாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பாஸ்போர்ட் புதுப்பிப்பது, பிறப்புச் சான்று வாங்குவது, ஊரில் இருக்கும் அப்பாவின் நிலத்தைப் பெயர் மாற்றுவது எல்லாம் நின்றுபோகும். சட்டவிரோதமாக வெளியேறியவர் அதற்கும் மேலே ஒரு மன்னிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தேசிய சேவையை முடிக்காதது குற்றம் என்று ஒப்புக்கொண்டு, அதற்குரிய தண்டனையை ஏற்கத் தயார் என்று எழுதித் தரும் படிவம் அது. கொடுமை என்னவென்றால், தப்பி ஓடி வந்தவரைத் திரும்ப அந்தக் கதவைத் தட்ட வைத்தது சில நேரம் தஞ்சம் கொடுத்த நாடேதான். ஜெர்மனியில் அதிகாரிகள் "உன் நாட்டு பாஸ்போர்ட் கொண்டு வா" என்று அனுப்பினார்கள். 2022 அக்டோபரில்தான் அந்நாட்டின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், விருப்பமில்லாதவரை அந்தப் படிவத்தில் கையெழுத்திடச் சொல்லக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

ஆக, அந்த வரிசையில் நிற்பவர் அரசின் ரசிகராக இருக்கலாம், அம்மாவை நினைத்து பயந்து நிற்பவராகவும் இருக்கலாம். அவரை வீடியோ எடுத்து "இதோ ஒரு அடிமை" என்று டிக்டாக்கில் போட்டால் இரண்டாவது வகை ஆளையும் முதல் வகையோடு சேர்த்துவிடுகிறீர்கள். அதைவிட, யார் கேட்டார்கள், எவ்வளவு கேட்டார்கள், எந்த அறையில் வைத்துக் கேட்டார்கள் என்பது தெரிந்த ஆள் அவர்தான். 2013இல் டொரன்டோவில் இருந்த எரித்திரியத் துணைத்தூதரைக் கனடா வெளியேற்றியது, 2018 ஜனவரியில் நெதர்லாந்து ஹேக் தூதரகப் பொறுப்பாளரை வெளியேற்றியது. இரண்டும் இந்த வரிவசூல் விவகாரத்தில்தான். இப்படிப்பட்ட முடிவுக்குச் சாட்சி வேண்டும். சாட்சி அந்த வரிசையில் நிற்கிறது, நீங்கள் அதைத் திட்டி விரட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது விழாக்கள். இந்தத் திருவிழாக்கள் திடீரென முளைத்தவை இல்லை. 1970களிலும் 80களிலும் புலம்பெயர்ந்த எரித்திரியர்கள் வருடாவருடம் இத்தாலியின் போலோன்யாவில் கூடி, ஆடிப்பாடி, போராட்டத்துக்குப் பணம் சேர்த்தார்கள். அன்று விடுதலைக்காகக் கட்டிய அமைப்பு இன்று அரசின் கையில் இருக்கிறது. விழாவில் பாட வருகிறவர்கள், பக்கத்து எத்தியோப்பியாவின் திக்ராய் பகுதியில் எரித்திரியப் படையும் இறங்கிய போரைப் புகழ்ந்து பாடும்போது, அதே படையிலிருந்து ஓடி வந்த இளைஞனுக்கு ரத்தம் கொதிப்பது புரிகிறது. புரிந்தாலும் கல்லெறிந்தால் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். டெல் அவிவில் 100க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், போலீஸ் துப்பாக்கியால் சுட்டது, மறுநாளே பிரதமர் நெதன்யாகு கலவரக்காரர்களை உடனே நாடு கடத்த வேண்டும் என்று பேசினார். விழாவில் யார் என்ன பாடினார் என்று எந்தத் தொலைக்காட்சியும் கேட்கவில்லை. மண்டபத்துக்கு அனுமதி கொடுத்த நகராட்சியிடம் முன்கூட்டியே மொழிபெயர்த்த பாடல் வரிகளோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சலிப்பான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன்.

சலிப்பான வேலைக்கு ஒரு உதாரணம் எரித்திரியாவில் உள்ள பிஷா சுரங்கம் பற்றிய வழக்கு. அங்கே தங்களைக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தியதாக எரித்திரிய அகதிகள் 2014இல் நெவ்சன் என்ற கனடா நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். இந்த வழக்கை இங்கே விசாரிக்கலாம் என்று கனடா உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 பிப்ரவரி ஆனது, அதே ஆண்டு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. ஆறு வருடம். லைவ் வீடியோவில் காட்ட எதுவும் இல்லாத ஆறு வருடம்.

கொடிச் சண்டை இன்னொன்று. எதிர்ப்பாளர்களின் நீலக் கொடி, எத்தியோப்பியாவோடு இணைந்திருந்த 1952 கூட்டாட்சிக் காலத்தது, இப்போதைய கொடி 1993க்குப் பிந்தையது. நீலத்தைத் தூக்குவதில் தப்பில்லை. ஆனால் இப்போதைய கொடியை மிதிப்பது, விடுதலைப் போரையே பொய் என்பது, மே 24 விடுதலை நாளை அரசுக்கே விட்டுக்கொடுத்துவிடுவது எல்லாம் சரியாக வராது. முப்பது வருடப் போரில் சுமார் 65,000 போராளிகள் இறந்தார்கள். சின்ன நாடு, யாராவது ஒருவரை இழக்காத குடும்பம் அபூர்வம். அதிபரைத் திட்டினால் தலையாட்டுகிற அத்தை, தன் தம்பியின் சாவு வீண் என்று சொன்னால் எழுந்து போய்விடுவார். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வசவுகளையும் சொல்லியாக வேண்டும். எதிர்ப்பவரை "அகாமே" என்று, அதாவது திக்ராய்க்காரன் என்று இழிவாகச் சொல்வது ஆதரவாளர்களின் பழக்கம். பதிலுக்கு சில எதிர்ப்பாளர்கள் "இசையாஸே எரித்திரியர் இல்லை" என்று அவர் பூர்வீகத்தைத் தோண்டுகிறார்கள். ரத்தத்தைச் சோதிக்கும் அரசியலை எதிரியிடமிருந்தே கடன் வாங்கியது அது, வேறொன்றுமில்லை.

சரி, ஆளும் கட்சியின் இளைஞர் அமைப்பு வெளிநாட்டிலேயே பிறந்த பிள்ளைகளை எப்படி ஈர்க்கிறது? கோடையில் அஸ்மாராவுக்குப் போய்வரும் அந்தப் பிள்ளைகளுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு, "பெலெஸ்". கோடையில் மட்டும் கிடைக்கும் சப்பாத்திக்கள்ளிப் பழம்! அவர்கள் காப்பிக் கடை, பழைய இத்தாலியக் கட்டடங்கள், பாட்டி வீட்டு இன்ஜெரா எல்லாம் பார்த்துவிட்டு, சாவா ராணுவ முகாமில் தன் வயதுப் பையன் படும் பாட்டை அறியாமல் திரும்புகிறார்கள். அமைப்பு அவர்களுக்கு நடனம், மொழி, நண்பர்கள், மாநாடு என்று ஒரு வீட்டையே கொடுக்கிறது. எதிர்ப்பக்கம் கொடுப்பது பெரும்பாலும் கோபமும் மூன்று மணிநேர ஜூம் கூட்டமும். அந்தக் கூட்டமும் முழுக்க திக்ரின்யா மொழியில். நாட்டில் ஒன்பது இனக்குழுக்கள், மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் முஸ்லிம்கள், பலருக்கு அரபி அல்லது திக்ரே மொழிதான் வசதி, ஸ்வீடனில் பிறந்த பெண்ணுக்கு எல்லாமே அரைகுறை. மொழிபெயர்க்க ஒருவரை உட்கார வைக்காத கூட்டத்தில் "எல்லா எரித்திரியர் சார்பாகவும்" தீர்மானம் போடுவதை என்னவென்று சொல்வது.

கடைசியாக கேமரா. ஆர்ப்பாட்டத்தில் எல்லார் முகத்தையும் நேரலையில் காட்டாதீர்கள். படையிலிருந்து ஓடியவரின் குடும்பத்திடம் 50,000 நக்ஃபா (எரித்திரிய நாணயம்) அபராதம் கேட்டதும், கட்டாதவர்களைச் சிறையில் அடைத்ததும் பலமுறை பதிவான விஷயம். 2011இல் தொடங்கிய அர்பி ஹர்னெத், அதாவது விடுதலை வெள்ளி இயக்கம், இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து இளைஞர்கள் எரித்திரியாவுக்குள் தொலைபேசியில் அழைத்தார்கள். தெருவுக்கு வா, கோஷம் போடு என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வெளியே போகாமல் வீட்டிலேயே இருங்கள், தெரு காலியாக இருக்கட்டும் என்றுதான் கேட்டார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தவரை எந்த அதிகாரியும் வந்து ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்க முடியாது.