ஈறுக்குள் ஒளிந்திருந்த பாப்கார்ன் தோல்

கீழ்க் கடைவாய்ப்பல்லை ஒட்டிய ஈறு சுண்டைக்காய் அளவுக்கு வீங்கி, தொட்டாலே ரத்தம் கசிந்தது. கிராம்புத் தைலம் வலியைச் சற்று மறைத்ததே தவிர, வீக்கம் வற்றவில்லை. பல்லில் சொத்தையும் கிடையாது. பல் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலிருந்து கிளறி எடுத்தது, விறைப்பான, மஞ்சள் நிறப் பாப்கார்ன் தோல்!

தாவரச் செல்லின் சுவர் செல்லுலோஸால் ஆனது. அதைக் கரைக்கும் நொதி மனித உடலில் இல்லை. விழுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து நிற்கும்; சில ஒன்றோடொன்று இணைந்து ராட்சதச் செல்களாகும். புடைப்பு ஆறாது. பல் பிடுங்கிய குழியில் பருப்புத் துணுக்கு புதைந்தாலும் இதே கதைதான். பொருள் வெளியே வராமல் மாத்திரையை மட்டும் விழுங்கிப் பயனில்லை.

எடுத்த அன்றிரவே வலி அடங்கியது. வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளித்துவந்தேன், ஈறு தேறியது. இப்போது பாப்கார்ன் என்றால் பல்லிடுக்கு நூலும் கூடவே வரும். குண்டூசியால் பல் குத்துபவர்களைக் கண்டால்தான் கூசுகிறது.