அணையாத செக் என்ஜின் லைட்: பாகத்தை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பழைய பெட்ரோல் காரில் செக் என்ஜின் லைட் எரிந்ததும் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டாதீர்கள். லைட் அணையும், கோளாறு அப்படியே இருந்தால் சில நாளில் திரும்ப எரியும். அதற்குள் ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிந்து வைத்த கோடும் (code, கோளாறைக் குறிக்கும் எண்), கோளாறு வந்த நேரத்து வேகம், ஆர்பிஎம், என்ஜின் சூடு எல்லாம் அடங்கிய ஃப்ரீஸ் ஃப்ரேமும் அழிந்திருக்கும். முதலில் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லைட் மின்னி மின்னி எரிந்தால் கதை வேறு. அது கடுமையான மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். வண்டியை ஓரங்கட்டுங்கள்.

இந்தக் கோடுகளை ஸ்கேனரில் படிக்க உதவும் பொது முறையான ஓபிடி-2 இந்தியாவில் கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய சில கார்களில் 16 முனை சாக்கெட் இருந்தும் கோடை மொபைலில் காட்டும் மலிவான ஈஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டர் வேலை செய்யாது. அந்தக் கம்பெனி ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

அடிக்கடி தலைவலி தரும் கோடு பி0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். இதற்கு ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு; உள்ளதைச் சொன்னது அந்த சென்சார்தான். என்ஜின் சூடானதும் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பாருங்கள். கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) +20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் +5 அளவுக்கு இறங்கினால் எங்கோ வெளிக்காற்று நுழைகிறது. ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் இடையே உள்ள ரப்பர் ஹோஸின் மடிப்புகள், பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்புவது), பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் என்ற வரிசையில் தேடுங்கள். சந்தேகமான மூட்டில் கொஞ்சம் தண்ணீர் ஸ்ப்ரே செய்தால் ஐடில் சத்தம் மாறும். காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது), கனெக்டர் பக்கம் தண்ணீர் படக்கூடாது. தண்ணீருக்குப் பதில் கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடிப்பவர்களும் உண்டு. சூடான சைலன்சர் குழாய் பக்கத்தில் அது தீயோடு விளையாட்டு. மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) வைத்த கார்களில் த்ராட்டிலுக்குப் பின்னால் கசிந்தால் ட்ரிம்மைவிட ஐடில் உயர்வுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

மாறாக, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ட்ரிம் ஏறினால் ஃபியூயல் ஃபில்டர், பம்ப் பிரஷர், இன்ஜெக்டரைப் பாருங்கள்.

சிஎன்ஜி, எல்பிஜி கிட் போட்ட வண்டியா? சோதனை முழுவதையும் பெட்ரோலில் ஓட்டியே செய்யுங்கள். கேஸ் ட்யூனிங் சரியில்லாமலும் இதே கோடு வரும்.

பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். தனித்தனி காயில் உள்ள என்ஜினில் இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றி, கோடை அழித்து ஓட்டுங்கள். பி0303 என்று மாறினால் காயில் போய்விட்டது. மாறாவிட்டால் பிளக்குகளை அதேபோல் மாற்றிப் பாருங்கள். அதிலும் மாறாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். வெளியில் நிற்கும் வண்டியில் எலி கடித்த ஒயரையும் தேடுங்கள்.

கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்ததும் புதுக் கன்வெர்ட்டர் வாங்க ஓடாதீர்கள். மிஸ்ஃபயரும் சைலன்சர் கசிவும் முதலில் சரியாகட்டும். பிறகு முன் ஆக்சிஜன் சென்சார் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஆட, பின் சென்சார் ஏறக்குறைய நிலையாக நிற்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினால் கன்வெர்ட்டர் தேய்ந்துவிட்டது.

வேலை முடிந்து கோடை அழித்ததும் ரெடினஸ் மானிட்டர்கள் (ஈசியு தானே செய்யும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டுபவை) எல்லாம் பழையபடி முழுமையாகும்வரை ஓட்டுங்கள். அதுவரை லைட் எரியாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.