பிரதியை அனுப்பும் முன் ஒரு தாள் எழுதுங்கள்

மதுரை சிம்மக்கல்லில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்ப்பவள் நான். 20 வருடமாக இதுதான் பிழைப்பு. "பதிப்பகத்துக்கு அனுப்பப் போறேன்க்கா, ஒரு தடவை பாத்துக் குடுங்க" என்று பென்டிரைவோடு வருகிறவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எழுத்துரு. மேலூர்த் தம்பி ஒருவர் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்த நாவலை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்கிற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று நிற்கும். அதை யார் படிப்பார்கள்? எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றி, வேர்டு கோப்பாகக் கொடுங்கள். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாற்றிய பிறகு ஒரு சோதனை. 'கௌரவம்' என்பதைப் பலர் கெ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். தேடல் பெட்டியில் 'கெள' என்று போட்டு ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். மொத்தமாக மாற்றக் கட்டளை கொடுத்தால் கெளுத்தி மீனும் சேர்ந்து மாறிவிடும். துணைக்காலுக்குப் பதில் 'ர' விழுந்த இடங்களையும் இதேபோல் பாருங்கள்.

இனி, நான் பெரிதாக நினைப்பது. உங்கள் சொற்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். கோயிலா, கோவிலா? பதினைந்தா, 15 என்று எண்ணிலா? எது வேண்டுமானாலும் சரி, புத்தகம் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். பேச்சுமொழிக்கு இது இன்னும் முக்கியம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கதை ஒன்றில் முதல் அத்தியாயத்தில் 'அவய்ங்க', மூன்றாவதில் 'அவிங்க', ஆறாவதில் 'அவங்க' என்று இருந்தது. எழுதியவரைக் கேட்டேன். டவுனுக்குக் குடிவந்த பிறகு கதையில் வரும் பையனின் பேச்சு மாறுகிறது, வேண்டுமென்றேதான் எழுதினேன் என்றார். அருமையான யோசனை. ஆனால் அதை எங்கேயும் குறித்து வைக்கவில்லை. அச்சாகி வந்தபோது 'வந்தாய்ங்க' எல்லாம் 'வந்தார்கள்' ஆகியிருந்தது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து யார் வந்தாலும் ஒரு தாள் எழுத வைக்கிறேன்: இந்தச் சொற்கள் பிழையல்ல, இப்படியே இருக்கட்டும். அந்தத் தாள் பிரதியின் முதல் பக்கமாகப் போக வேண்டும்.

பக்க அமைப்பில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஏ4 தாள், 12 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, பக்க எண். போதும். அட்டைப்படம், பூப்போட்ட தலைப்பு எதுவும் வேண்டாம். மொத்தச் சொற்கள் எத்தனை என்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள். அச்சுக்கு 16 பக்கம் சேர்ந்தது ஒரு பாரம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு அது உதவும்.

சினிமாப் பாட்டு வரிகள் இருந்தால் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை நம் நாட்டில் பதிப்புரிமை உண்டு.

யாருக்கு அனுப்புவது? புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் போங்கள். உங்கள் புத்தகத்தின் வகையில் 10 புத்தகம் எடுத்து, யார் வெளியிட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கவிதையே போடாத இடத்துக்குக் கவிதை அனுப்பிக் காத்திருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கூடவே ஒரு பக்கக் கதைச் சுருக்கம். முடிவையும் அதில் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வருவதால், அதற்கு முந்தைய மாதங்களில் பதிப்பகங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. பொங்கல் கழியட்டும், பிப்ரவரியில் அனுப்புங்கள். மூன்று மாதமாகியும் பதில் இல்லையென்றால் தயங்காமல் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.