பி450 போர்டும் புதிய பிராசஸரும்: என் அனுபவம்

சேலத்தில், புதிய கணினி கட்டும் செலவைக் குறைப்பதற்காக 2018இல் அறிமுகமான பி450 வகை மதர்போர்டையும் 2022இல் வந்த ரைசன் 5 5600 பிராசஸரையும் வாங்கிப் பூட்டினேன். விசிறிகள் சுழன்றன, திரையில் எதுவும் வரவில்லை. ரேமை மாற்றிச் செருகியும், சிமாஸ் பேட்டரியை (போர்டின் அமைப்புகளை நினைவில் வைக்கும் சிறு பேட்டரி) கழற்றி மாட்டியும், அஸ்தம்பட்டி நண்பரின் கணினியில் கிராபிக்ஸ் கார்டைச் சோதித்தும் நாட்கள் வீணாயின. பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பதிந்துள்ள சில்லின் மேல் ஒட்டியிருந்த கடுகளவு ஸ்டிக்கரின் பதிப்பு எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டபோதுதான், அது இந்தப் பிராசஸருக்கு முந்தைய, இதை அடையாளம் காணாத பயாஸ் என்பது தெரிந்தது. நல்லவேளையாக, பிராசஸரின் துணையின்றியே பயாஸைப் புதுப்பிக்கும் ஃபிளாஷ்பேக் பொத்தான் அந்த போர்டில் இருந்தது (எல்லா பி450 போர்டிலும் இராது; வாங்குமுன் பார்க்க வேண்டியது இதைத்தான்). 64 ஜிபி பென் டிரைவை அது கண்டுகொள்ளவில்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த 16 ஜிபி டிரைவில், கையேடு சொன்ன பெயரிலேயே கோப்பை வைத்து, அதற்கெனக் குறித்த யுஎஸ்பி துளையில் செருகி அழுத்தியதும் விளக்கு மினுங்கத் தொடங்கியது. அது நின்றபின் இயக்கியதும் பயாஸ் திரை வந்தது. எக்ஸ்எம்பியை (ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) இயக்கி ரேமின் வேகத்தை 3200க்கு உயர்த்திவிட்டு விண்டோஸை நிறுவினேன்.