ஹோமோசிஸ்டீன் கூடிவிட்டதா? மாத்திரைக்கு ஓடும்முன் கவனிக்க வேண்டிய தவறுகள்

ரத்தப் பரிசோதனையில் ஹோமோசிஸ்டீன் (ரத்தக்குழாய் நோயோடு தொடர்புபடுத்தப்படும் ஓர் அமினோ அமிலம்) லிட்டருக்கு 15 மைக்ரோமோலைத் தாண்டியதும் பி வைட்டமின் மாத்திரை, கூடவே ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் டப்பா என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். அந்த எண் இறங்கினால் ரத்தக்குழாய் தப்பித்தது என்று நம்புவதுதான் முதல் தவறு. 2006-இல் வெளியான ஹோப்-2, நார்விட் ஆய்வுகளில் எண் நன்றாகவே இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. ஆனால் 2015-இல் சீனாவில் ரத்த அழுத்த நோயாளிகளுக்கு அழுத்த மாத்திரையோடு பி வைட்டமின்களில் ஒன்றான ஃபோலிக் அமிலமும் கொடுத்தபோது முதல் பக்கவாதம் குறைந்தது. ஆக, யாருக்கு, எதற்கு என்பது முக்கியம்.

ஆன்டிஆக்ஸிடன்ட் டப்பா விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ரத்தக்குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்காக மூடியிருக்கும் எண்டோதீலியல் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன. குழாய் தளர்ந்து விரிவதற்கு அது வேண்டும். புகைபிடித்தல், சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் இவற்றால் சூப்பராக்சைடு பெருகினால், அது நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் ஆகிவிடும். இது பிஎச்4 என்ற துணைப்பொருளைக் கெடுக்கிறது. பிஎச்4 குறைந்தால், நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் என்சைமே சூப்பராக்சைடைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். செல்லுக்குள், கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கிற இந்த வினையை முந்திக்கொண்டு அந்த டப்பாவில் இருக்கும் வைட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் தடுத்துவிடாது. 2000-இல் வந்த ஹோப் ஆய்விலும் வைட்டமின் ஈ-யால் இதயத்துக்குப் பலன் கிடைக்கவில்லை.

அடுத்து, ‘மெத்திலேஷனைக் கூட்டுங்கள்’ என்ற விளம்பரம். மெத்திலேஷன் என்றால் டிஎன்ஏ-வில் மெத்தில் என்ற சிறு வேதிக்குறி ஒட்டுவது; மரபணுவின் தொடக்கத்தில் அது ஒட்டினால் பெரும்பாலும் அந்த மரபணு அடங்கிவிடும். எந்த மரபணுவில் கூட்டுவது? நைட்ரிக் ஆக்சைடு என்சைமுக்கான மரபணுவின் தொடக்கப் பகுதியில் எண்டோதீலியல் செல்களில் மெத்தில் குறி அநேகமாக இல்லை. அதனால்தான் அது வேலை செய்கிறது. பக்கத்திலுள்ள தசைச் செல்களில் அதே பகுதி மெத்தில் குறியால் மூடிக் கிடக்கிறது. இரண்டுமே சரியான நிலைதான். அப்புறம், ரத்தத்தில் எடுக்கும் மெத்திலேஷன் டெஸ்ட் பெரும்பாலும் வெள்ளை அணுக்களைத்தான் காட்டும், ரத்தக்குழாய்ச் செல்களை அல்ல.

பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்குவது இவற்றில் ஆபத்தானது. பி12 குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும். ஃபோலிக் அமிலம் ரத்தசோகையைச் சரிசெய்துவிடும். நரம்பு பாதிப்போ உள்ளே தொடரும். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களும், பல வருடங்களாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் முதலில் பி12 அளவைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். கால் மரத்துப்போகிறது என்றால் அதையும் சொல்லுங்கள்.