டெக்சாஸ் சொத்து வரிப் பதிவுகள்: போன வருட வரியை நம்பி வீட்டு பட்ஜெட் போடாதீர்கள்

டெக்சாஸில் மாநில அரசு சொத்து வரி வாங்குவதில்லை. கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), நகரம், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், கம்யூனிட்டி காலேஜ், சில இடங்களில் மருத்துவமனை டிஸ்ட்ரிக்ட் என்று ஒவ்வொன்றும் தனித்தனி விகிதத்தில் வாங்குகின்றன. பெரும்பாலான பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் வீடு பார்க்கும் நம்மவர்கள் பலர் தவறான பக்கத்தில் தவறான வருடத்தைப் பார்த்துவிட்டு, அதை வைத்தே மாதத் தவணைக் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள்.

எந்த அலுவலகம் எதைச் சொல்கிறது

மூன்று அலுவலகங்களைக் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு. வீட்டுக்கு மதிப்புப் போடுவதும் விலக்குகளைத் தருவதும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். அது வரி வாங்குவதில்லை, விகிதத்தையும் முடிவு செய்வதில்லை. பில் அனுப்பிப் பணம் வாங்குவது கவுண்டி வரி அலுவலகம். பத்திரம் பதிவாவது கவுண்டி கிளார்க்கிடம். ஊர்க் கணக்கில் சொன்னால் கிளார்க் சார்பதிவாளர் மாதிரி, வரி அலுவலகம் மாநகராட்சி வரிப் பிரிவு மாதிரி. வீட்டு வரி ரசீதில் பெயர் இருப்பதால் மட்டும் அங்கே யாரும் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. இங்கேயும் அப்படித்தான்: அப்ரைசல் பக்கத்தில் தெரியும் பெயர் உரிமைக்குச் சான்று ஆகாது. விற்பனை பதிவான பிறகும் அந்தப் பெயர் மாறச் சில வாரங்கள் ஆகலாம். பத்திரம், கடன், லீன் (பாக்கிக்காக வீட்டின் மேல் விழும் பிடிமானம்) ஆகியவற்றை கிளார்க்கின் பதிவுகளில்தான் தேட வேண்டும்.

ஹூஸ்டன் புறநகர்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே மட் எனப்படும் நீர், வடிகால் டிஸ்ட்ரிக்ட்டின் வரிக்குத் தனி வசூலிப்பாளரிடமிருந்து தனி பில் வருவது சாதாரணம். கவுண்டி தளத்தில் பாக்கி இல்லை என்று காட்டினால் அது அந்த பில்லுக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தேடும்போது

முகவரியை முழுதாகத் தட்டினால் பல தளங்களில் ஒன்றும் வராது. வீட்டு எண், தெருப் பெயரின் முதல் சொல், இவ்வளவு போதும். டிரைவ், லேன், கோர்ட் எல்லாம் வேண்டாம். பெயரை வைத்துத் தேடினால் கடைசிப் பெயர் முதலில் வரும். நம் பெயர்களில் அப்பா பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே என்பது பாஸ்போர்ட்டில் இருந்தபடி பத்திரத்துக்குப் போயிருக்கும். இரண்டு வரிசையிலும் தேடிப் பாருங்கள். பெயரே காட்டாத பதிவும் உண்டு. நீதிபதிகள், காவலர்கள் போன்றவர்கள் கேட்டுக்கொண்டால் சட்டப்படி மறைத்துவிடுவார்கள். வீட்டைக் கண்டுபிடித்ததும் சொத்து எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு கணக்கு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றுக்குக் கட்டிவிட்டு மற்றதை விட்டால் அது அப்படியே பாக்கியில் நிற்கும்.

தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரும் நம்பத் தகுந்ததல்ல. ஃபிரிஸ்கோ நகரம் காலின், டெண்டன் என்று இரண்டு கவுண்டிகளில் கிடக்கிறது. ஆஸ்டின் ட்ராவிஸ், வில்லியம்சன், ஹேஸ் கவுண்டிகளில் பரவியிருக்கிறது. ஒரு கவுண்டியின் தளத்தில் வீடு கிடைக்கவில்லை என்றால் பக்கத்துக் கவுண்டியைப் பாருங்கள். ஃபிரிஸ்கோ முகவரி என்பதால் ஃபிரிஸ்கோ ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. அப்ரைசல் பக்கத்தில் வரி வாங்கும் அமைப்புகளின் பட்டியல் இருக்கும். அதில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

போன வருட வரி, பழைய சொந்தக்காரரின் வரி

பணம் அதிகம் போவது இந்தத் தவறில்தான். வீட்டு விளம்பரத்தில் "வருட வரி இவ்வளவு" என்று வரும் தொகை பெரும்பாலும் விற்பவருக்குக் கிடைத்த சலுகைகளைக் கழித்த தொகை.

மூன்று எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சந்தை மதிப்பு, ஜனவரி 1 அன்று வீடு என்ன பெறும் என்ற கணிப்பு. அப்ரைஸ்டு மதிப்பு, வரம்பு போட்ட பிறகு வருவது: சொந்தமாகக் குடியிருக்கும் வீடு என்று ஹோம்ஸ்டெட் விலக்கு வாங்கியிருந்தால், புதிதாகக் கட்டிச் சேர்த்தது நீங்கலாக, இது வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வரிக்குரிய மதிப்பு, அதிலிருந்து விலக்குகளைக் கழித்தால் வருவது. இந்தக் கடைசி எண் ஒவ்வொரு அமைப்புக்கும் வேறு வேறாக இருக்கும். ஸ்கூல் வரிக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு 2023இல் 1,00,000 டாலர் ஆனது, 2025 வரி ஆண்டிலிருந்து 1,40,000. 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு அதற்கு மேல் இன்னும் 60,000. அதோடு அவர்களின் ஸ்கூல் வரித் தொகைக்கே உச்சவரம்பும் உண்டு.

ஒரு கணக்குப் போடுவோம். சந்தை மதிப்பு 6,00,000 டாலர். பல வருடம் குடியிருந்த 65 வயதுக்காரருக்கு வரம்புக்குப் பின் மதிப்பு 4,50,000 என்று வையுங்கள். இரண்டு விலக்கும் கழிந்தால் ஸ்கூல் வரிக்குரிய மதிப்பு 2,50,000. நூறு டாலருக்கு 1.05 விகிதம் என்றால் ஸ்கூல் வரி 2,625. உச்சவரம்பு இருந்தால் அதைவிடவும் குறையும். அதே வீட்டை நீங்கள் வாங்கியபின், அடுத்த ஜனவரி 1இல் அவருடைய வரம்பு போய்விடும். உங்கள் ஹோம்ஸ்டெட் விலக்கு மட்டும் கழிந்தால் 4,60,000க்கு வரி 4,830. விண்ணப்பிக்க மறந்தால் 6,300. இது ஸ்கூல் பங்கு மட்டும். உங்களுக்கான 10 சதவீத வரம்பு, விலக்கு கிடைத்ததற்கு அடுத்த ஆண்டில்தான் தொடங்கும். வாடகைக்கு விட வாங்கினால் ஹோம்ஸ்டெட் கிடையவே கிடையாது.

ஆகவே வாங்கும் முன் பார்க்க வேண்டியது சந்தை மதிப்பும், ஒவ்வொரு அமைப்பின் விகிதமும். விற்பவர் கட்டிய தொகை வேண்டாம். தளத்தில் "உத்தேச வரி" என்று வந்தாலும் அதில் யாருடைய விலக்கு கழிந்திருக்கிறது என்று பாருங்கள்.

புது வீட்டில் அடி இன்னும் பலமாக விழும். ஜனவரி 1 அன்று வெறும் மனையாக இருந்ததைக் கோடையில் வீடாக வாங்குகிறீர்கள். அந்த வருட பில் மனைக்கு மட்டும் வரும். 1,30,000 டாலர் மனைக்கு மொத்த விகிதம் 2.1 என்றால் 2,730. அடுத்த வருடம் முழு வீடு 5,50,000 என்றால், விலக்கைக் கழிக்காமல் 11,550. எஸ்க்ரோவை, அதாவது வரிக்காகக் கடன் நிறுவனம் மாதத் தவணையோடு சேர்த்து வாங்கும் பணத்தை, பழைய பில்லை வைத்துப் போட்டிருந்தால் 8,820 டாலர் துண்டு விழும். அதை 12 மாதத்தில் வசூலிக்க மாதம் 735, இனி வரும் வருடத்துக்கான ஏற்றம் மாதம் இன்னொரு 735. முதல் நாளே முழு வீட்டின் மதிப்பில் எஸ்க்ரோ போடக் கடன் நிறுவனத்திடம் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால் அந்த வித்தியாசத்தை நீங்களே தனியாக ஒதுக்கி வையுங்கள். புதுக் குடியிருப்புகளில் பிட் எனப்படும் மேம்பாட்டுக் கட்டணமும் இருக்கலாம். அது மதிப்பு சார்ந்த வரி அல்ல, அதனால் வரி விகிதப் பட்டியலில் தெரியாமல் போகலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வருடமும் தேதியும்

தளம் திறந்ததும் நடப்பு ஆண்டைத்தான் காட்டும். ஏப்ரல் வரைக்கும் மதிப்பு காலியாக இருப்பது சாதாரணம். ஏப்ரல், மே மாதங்களில் வருவது உத்தேச மதிப்பு. சான்றளித்த பட்டியல் ஜூலை 25ஐ ஒட்டித்தான் வரும். மதிப்பு அதிகம் என்று ஆட்சேபிக்கக் கடைசி நாள் மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பி 30 நாள், இதில் எது பிந்தியதோ அது. அக்டோபரில் பில் வந்தபிறகு மதிப்பைப் பற்றிப் புலம்பிப் பெரும்பாலும் பயன் இருக்காது.

ஆட்சேபணைக்கு முன் பதிவில் இருக்கும் சதுர அடி, கட்டிய வருடம், நீச்சல் குளம், கராஜ் எல்லாவற்றையும் உங்கள் வீட்டோடு ஒப்பிடுங்கள். இல்லாத அறைக்கு மதிப்புப் போட்டிருப்பது நடக்கும். மனுவில் "சந்தை மதிப்பை மீறியது", "பிற சொத்துகளோடு சமமில்லை" என்ற இரண்டு காரணத்தையும் குறியுங்கள்; ஒன்றை மட்டும் குறித்தால் மற்றதைப் பேச முடியாமல் போகலாம். டெக்சாஸில் விற்ற விலையை அரசிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே பக்கத்து வீடு எவ்வளவுக்குப் போனது என்பதை இந்தப் பதிவுகளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தன் ஆதாரமாக வைத்திருப்பதைக் கேட்டால், விசாரணைக்கு 14 நாள் முன் தர வேண்டும் என்பது சட்டம். கேளுங்கள்.

வரி கட்டக் கடைசி நாள் ஜனவரி 31. பிப்ரவரியில் கட்டினால் 7 சதவீதம் கூடுதல், மார்ச்சில் 9, ஜூலையில் 18, அதற்கு மேல் வசூல் வழக்கறிஞர் கட்டணம் 20 சதவீதம் வரை. பில் வரவில்லை என்பது சட்டத்தில் காரணமாகாது. எஸ்க்ரோ இருந்தாலும் ஜனவரி மூன்றாம் வாரத்தில் வரி அலுவலகத் தளத்தில் சொத்து எண்ணைப் போட்டுப் பணம் ஏறிவிட்டதா என்று பாருங்கள். கடன் வேறு நிறுவனத்துக்கு மாறிய வருடத்தில் கட்டாயம் பாருங்கள்.

ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. வீடு வாங்கிய சில வாரங்களில் அரசுக் கடிதம் போன்ற உறையில் "கட்டணம் செலுத்தி விலக்கைப் பதிவு செய்யுங்கள்" என்று வருவதைக் குப்பையில் போடலாம். ஆனால் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டே அனுப்பும் சரிபார்ப்புக் கடிதத்தை அதோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். 2023இல் வந்த சட்டப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது விலக்குகளை அவர்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பதில் போகாவிட்டால் விலக்கு ரத்தாகலாம். கடிதம் உண்மையா என்ற சந்தேகம் வந்தால் அதில் அச்சிட்ட எண்ணுக்கு அழைக்காமல், அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள்.